‘அடி’க்கு எத்தனை பொருள்? அகராதிப் பதிவை எப்படிப் பிரிப்பது?

சொல்மூட்டை (இழையைத் தொடங்கியவர்)

தமிழைப் புதிதாகப் படிப்பவர்களுக்கும் வசன வரி (சப்டைட்டில்) எழுதுபவர்களுக்கும் பயன்படும் பேச்சுவழக்குச் சொற்கோவை ஒன்று தயாராகிறது. ‘அ’ வரிசையிலேயே வண்டி நின்றுவிட்டது. காரணம் ‘அடி’. இதுவரை மூட்டையில் விழுந்தவை, எந்த வரிசையும் இல்லாமல்:

சரக்கு அடி, தம் அடி, சைட் அடி, கட் அடி, பிட் அடி, காப்பி அடி, பல்டி அடி, மொட்டை அடி, ஜால்ரா அடி, அரட்டை அடி, லூட்டி அடி, ஜோக் அடி, கமென்ட் அடி, கண் அடி, ரவுண்டு அடி, டைப் அடி, பெயிண்ட் அடி, நோட்டீஸ் அடி, சீல் அடி, சிக்ஸர் அடி, நீச்சல் அடி, கொள்ளை அடி, மருந்து அடி, ஹார்ன் அடி. வெயில், காற்று, சாரல், நாற்றம், காய்ச்சல், ஷாக், போர், லாட்டரி அடிப்பவை. ‘அடிச்சு விடுறான்’, ‘அடிச்சுப் பேசுறான்’, ‘அடிச்சுக்க ஆளில்லை’, ‘பேர் அடிபடுது’.

ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்துப் பொருள் எழுதினால் பதிவு பக்கக்கணக்கில் போகிறது, படிப்பவருக்கும் ஒன்றும் விளங்காது. வேறு எப்படிப் பிரிக்கலாம்? ‘பாதம்’, ‘12 அங்குலம்’, ‘செய்யுள் வரி’ என்ற பொருள்களையும் இதற்குள்ளேயே வைப்பதா, தனியே எடுப்பதா?

---

ஐயுருபு

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தனியே எடுங்கள். பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) பாதம் என்ற ‘அடி’யையும் அறைதல் என்ற ‘அடி’யையும் வேறு வேறு பதிவாகவே வைத்திருக்கிறது. அடிமட்டம், அடிவயிறு, அடிநாக்கு, 30.48 சென்டிமீட்டர் அடி, நாலு சீர் வந்தால் அளவடி என்கிற யாப்பு அடி எல்லாம் பாதக் குடும்பம். ‘அடியே’, ‘அடிப்பாவி’ மூன்றாவது தலைச்சொல். அது ‘அடா’வுக்கு ஜோடி. உங்கள் மூட்டையில் இருப்பது முழுக்க வினைச்சொல்.

இனி வினை. பொருளை எண்ணாதீர்கள், சட்டகத்தை எண்ணுங்கள். ‘அடி’க்கு முன்னால் நிற்கும் பெயர் என்ன உருபோடு நிற்கிறது என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். இதோ ஒரே பெயர், ஒரே வினை:

‘பையனுக்கு மொட்டை அடிச்சாங்க’: தலைமுடி போனது.
‘அவனை மொட்டை அடிச்சுட்டாங்க’: கையிருப்பு போனது.
‘அவன் மொட்டை அடிச்சுக்கிட்டான்’: தானே விரும்பி முடியை எடுத்துக்கொண்டான்.

கு, ஐ, கொள். இந்த மூன்றும் மாறியதில் பொருள் மாறிவிட்டது. ‘மொட்டை’யும் ‘அடி’யும் அப்படியேதான் இருக்கின்றன.

இன்னொன்று: ‘ஆடு அடிச்சாங்க’ என்றால் வெட்டிக் கறி போட்டார்கள். ‘ஆட்டை அடிச்சாங்க’ என்றால் குச்சியாலோ வண்டியாலோ அடி விழுந்தது. அடிமாட்டு விலை என்பதில் இருக்கும் ‘அடி’ அந்த முதல் அடிதான். பலர் அதை ‘அடிமட்ட விலை’யின் உறவு என்று நினைத்துப் பாதக் குடும்பத்தில் போட்டுவிடுகிறார்கள். கறிக்குப் போகும் மாட்டுக்குக் கிடைக்கும் விலை, அவ்வளவே.

---

வசனவரி

வசன வரி எழுதுகிறவர்கள் வழுக்குகிற இடமும் இந்த உருபுதான். ‘என் பேனாவை எவனோ அடிச்சுட்டான்’: இங்கே யாரும் பேனாவை உதைக்கவில்லை, திருடிவிட்டார்கள். ஆளோடு ‘ஐ’ வந்தால் அடி உதை. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளோடு ‘ஐ’ வந்தால் பெரும்பாலும் திருட்டு. சுவர், கதவு, மேசை போல நகராத பொருளோடு வந்தால் மறுபடி நிஜ அடி.

ஆக மோசமானது ‘பேரை அடி’. ‘பத்திரிகையில பெரியப்பா பேரை அடிச்சாச்சா?’ என்று கேட்டால் அச்சிட்டாயிற்றா என்றும் கொள்ளலாம், கோடு போட்டு நீக்கியாயிற்றா என்றும் கொள்ளலாம். பத்திரங்களில் ‘அடித்தல் திருத்தல் இன்றி’ என்று எழுதுகிறார்களே, அந்த அடித்தல் இரண்டாவது வகை. ஒரு கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழப்பம் வராமல் பேச வேண்டுமானால் அச்சுக்குப் ‘பேரைப் போடு’, நீக்கத்துக்குப் ‘பேரை எடு’ அல்லது ‘அடிச்சு விடு’.

---

துணைவினை

‘அடிச்சு விடு’வை அங்கே போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், அதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. பேச்சில் ‘அடித்துவிட்டான்’ இரண்டு உருவத்தில் வரும்.

ஒட்டிக் குறுகினால்: ‘அடிச்சுட்டான்’, ‘அடிச்சுடுறான்’. செயல் முடிந்தது, அவ்வளவுதான்.
ஒட்டாமல் முழுசாக நின்றால்: ‘அடிச்சு விட்டான்’, ‘அடிச்சு விடுறான்’. ஆதாரமில்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான்.

‘பரீட்சையில என்ன எழுதின?’ ‘சும்மா அடிச்சு விட்டேன்.’ இதைக் குறுக்கி ‘அடிச்சுட்டேன்’ என்றால் பொருளே போய்விடும். எழுத்தில் இரண்டையும் ‘அடித்துவிட்டேன்’ என்று ஒரே மாதிரி எழுதுவதால், எழுதப்பட்ட வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவருக்கு எது எது என்று தெரியாது. ஒலியைக் கேட்டுத்தான் தீர வேண்டும். எனவே சொற்கோவையில் ‘அடிச்சு விடு’ இடைவெளியோடு தனித் துணைப்பதிவாக இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிர் ‘அடிச்சுச் சொல்லு’. முழு உறுதியோடு சொல்வது. ‘அடிச்சுப் பேசு’ அதற்கும் ஒரு படி மேலே: எதிராளியை வாயைத் திறக்க விடாத பேச்சு. ‘விடு’வுக்குப் பொய், ‘சொல்’லுக்கு உறுதி, ‘பேசு’வுக்கு அதட்டல். மூன்றிலும் முன்னால் நிற்பது அதே ‘அடிச்சு’.

வினையெச்சத்தோடு வரும் மற்றவை: ‘அடிச்சு ஆடு’ (மட்டையைச் சுழற்றி வேகமாக ரன் குவிப்பது, இப்போது மேடைப் பேச்சு, பேரம் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள்), ‘அடிச்சுத் தள்ளு’ (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து குவிப்பது), ‘அடிச்சுப் பிடிச்சு’ (அவசர அவசரமாக முட்டிமோதி), ‘அடிச்சுப் போட்ட மாதிரி’ (அசைவற்ற தூக்கம், இது தூக்கத்துக்கும் களைப்புக்கும் மட்டும்தான், ‘அடிச்சுப் போட்ட மாதிரி சாப்பிட்டான்’ கிடையாது).

---

குசும்பன்

ஆக, ‘அடிச்சு விடுறதை அடிச்சுச் சொல்றவனை அடிச்சுக்க ஆளில்லை’ன்னு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தா, படிக்க வர்றவங்க அன்னைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

---

துணைவினை

நல்ல வாக்கியம், பயிற்சியில் சேர்க்கலாம். ‘கொள்’ வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உள்ளதிலேயே சிக்கலானது அதுதான்.

‘ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்க’: ஒருவரை ஒருவர். எழுவாய் பன்மையாக இருக்க வேண்டும்.
‘டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிறாங்க’: நான்காம் வேற்றுமை வந்தது, அடிதடி போய்விட்டது. போட்டி போட்டு வாங்குகிறார்கள்.
‘மனசு அடிச்சுக்குது’: எழுவாய் உள்ளம் அல்லது நெஞ்சு. பதைப்பு.
‘தலையில அடிச்சுக்கிட்டான்’: நிஜமாகவே கை நெற்றிக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். சலிப்பு, வெட்கம், ‘உன்னோடு முடியலை’.
‘தலைபாடா அடிச்சுக்கிட்டேன்’: பலமுறை எச்சரித்தேன், கேட்கவில்லை. மேலே உள்ளதோடு சேர்த்துவிடக் கூடாது. இதற்குப் பின்னால் ‘கேட்டாத்தானே’ என்ற வால் ஏறக்குறைய எப்போதும் வரும்.
‘சமையல்ல அவரை அடிச்சுக்க ஆளில்லை’: மிஞ்ச யாருமில்லை. இது எதிர்மறையில் மட்டும் வாழும் தொடர். ‘அவரை அடிச்சுக்க ஆள் இருக்கு’ என்று யாரும் இயல்பாகச் சொல்வதில்லை, வம்புக்குச் சொன்னால் உண்டு. பதிவில் ‘இல்லை, முடியாது ஆகியவற்றோடு மட்டும்’ என்று குறிக்கவும்.

வெள்ளம் ‘அடிச்சுக்கிட்டுப் போச்சு’ என்பதில் வரும் ‘கிட்டு’வும் ‘கொண்டு’வில் பிறந்ததுதான். ஆனால் அங்கே அது ‘கொண்டு போ’ என்ற வேறு சேர்க்கை, இந்தக் குழுவில் கலக்க வேண்டாம்.

---

கதிரடி

வயல் பக்கத்து வழக்கு பட்டியலில் குறைவாக இருக்கிறது. சிலதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து அடி, உரம் போடு. இதை மாற்றிச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். தெளிப்பானில் பீய்ச்சுவது அடி, கையால் வீசுவதோ வேரடியில் வைப்பதோ போடு, வை. இலைவழியாகக் கொடுக்கும் உரத்தை மட்டும் ‘அடிக்கிறார்கள்’, ஏனென்றால் அதுவும் தெளிப்பானில்தான் போகிறது. எழுத்தில் ‘மருந்து தெளித்தல்’, வாயில் ‘மருந்து அடிக்கிறது’. காயத்துக்கு ‘மருந்து போடு’. ஆக மருந்து ஒன்றுதான், பயிருக்கு அடி, புண்ணுக்குப் போடு.

பரம்படி: உழுத சேற்றைப் பலகை இழுத்து மட்டம் செய்வது. கதிர் அடி: அரிகட்டைக் களத்தில் ஓங்கி அறைந்து மணி உதிர்ப்பது.

போரடி: அடித்த தாளில் ஒட்டிய மீதி மணியை மாடு மிதிக்க விட்டுப் பிரிப்பது. ‘ஆனை கட்டிப் போரடித்த’ மதுரையின் போர் அதுதான், யுத்தம் இல்லை. ‘போர்’ என்றால் குவித்து வைத்த கட்டு. வைக்கோற்போர் என்பதிலும் அதுவே. இப்போது ‘போர் அடிக்குது’ என்றால் சலிப்பு, ‘போர் போடு’ என்றால் ஆழ்துளைக் கிணறு. மூன்று போருக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே கிடையாது. முதலாவது தமிழ், மற்ற இரண்டும் ஆங்கிலத்தில் இரு வேறு சொற்கள்.

பதிவில் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதும் முக்கியம். ‘போரடித்தான்’ என்று சேர்த்தால் களம், ‘போர் அடித்தான்’ என்று பிரித்தால் சலிப்பு என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். ‘போராடி’ பக்கத்திலேயே வந்து நிற்கும், அதையும் கவனியுங்கள்.

---

ஐயுருபு

‘போர் அடிக்குது’ இன்னொரு பெரிய குழுவுக்குத் தலைவாசல். வெயில், காற்று, அனல், குளிர், சாரல், நாற்றம், வாடை, கப்பு, காய்ச்சல், ஷாக். இவை எல்லாவற்றிலும் அடிப்பது அஃறிணை, அனுபவிப்பவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்பார், பல சமயம் ஆளே சொல்லப்படமாட்டார். வெளியிலிருந்து ஒரு விசை வந்து உடம்பில் படுகிறது என்பதுதான் பொதுப்பொருள். லாட்டரி, யோகம், ஜாக்பாட் இதே வீட்டுப் பிள்ளைகள்: ‘அவனுக்கு லாட்டரி அடிச்சுது’. அவன் ஒன்றும் செய்யவில்லை, அது வந்து விழுந்தது.

இதில் பிசகு எங்கே வரும் என்றால், ‘உடை’, ‘கிழி’ போன்ற வினைகளில் தானாக நடந்தால் உடைந்தது, ஒருவர் செய்தால் உடைத்தார் என்று உருவமே மாறும். ‘அடி’யில் அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் அடித்தது, அடித்தார்தான். எழுவாயைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

‘போன் அடிக்குது’: மணி ஒலிக்கிறது. ‘போன் அடிச்சான்’: அழைத்தான்.
‘காத்து அடிக்குது’: வீசுகிறது. ‘சைக்கிளுக்குக் காத்து அடி’: பம்பை எடு.
‘எனக்குப் போர் அடிக்குது’: சலிப்பு எனக்கு. ‘அவன் போர் அடிக்கிறான்’: சலிப்புக்குக் காரணம் அவன்.

---

பனங்காய்

இலங்கைப் பக்கத்தில இருந்து கொஞ்சம்.

எங்கட பக்கம் வாகனத்துக்குப் ‘பெற்றோல் அடிக்கிறது’ எண்டுதான் சொல்லுறது. தமிழ்நாட்டில ‘பெட்ரோல் போடு’ கூட எண்டு நினைக்கிறன். தொலைபேசிக்கு ‘கோல் எடு’தான் பொதுவழக்கு, இளம் ஆக்கள் ‘கோல் அடி’யும் சொல்லுவினம். இதில ஒரு பகிடி இருக்கு: இங்க ஆங்கில ‘கால்’ஐக் ‘கோல்’ எண்டு எழுதுறபடியா, ‘அவன் கோல் அடிச்சவன்’ எண்டால் பந்தை வலைக்குள்ள அடிச்சானோ, தொலைபேசி எடுத்தானோ எண்டு இடம் பார்த்துத்தான் விளங்கவேணும். சிங்களத்திலயும் அடிக்கிறதுக்கான ‘கஹனவா’வைத்தான் தொலைபேசிக்கும் பாவிக்கிறவை.

‘சூடு அடிப்பு’ எண்டால் நெற்கதிர் போரடிக்கிறது. வெக்கைக்கும் இதுக்கும் தொடர்பில்லை. மேல கதிரடி சொன்னதோட சேர்த்துக்கொள்ளுங்கோ.

‘ஜால்ரா அடி’ விளங்கும், ஆனா ஆக்கள் சொல்லுறது ‘பந்தம் பிடி’. சொற்கோவையில ஊர்க் குறிப்பு கட்டாயம் போடுங்கோ.

---

வசனவரி

பனங்காய் தொட்ட ஜால்ரா ஒரு நல்ல வாசல். முகத்துதிக்குத் தமிழில் குறைந்தது நாலு வழி உண்டு: ஜால்ரா அடி, காக்கா பிடி, சோப்பு போடு, ஐஸ் வை. பெயர் ஒவ்வொன்றும் தன் வினையைக் கையோடு கூட்டி வருகிறது. ‘ஐஸ் அடி’ இல்லை, ‘காக்கா போடு’ இல்லை. ஜால்ராவுக்கு மட்டும் அடி, போடு இரண்டும் ஒத்துவரும். நாலும் ஒன்றுமில்லை. ஐஸ் வைப்பது ஒரு காரியம் ஆக வேண்டி அப்போதைக்குச் செய்வது. ஜால்ரா நிரந்தர வேலை, அதுவும் நாலு பேர் பார்க்க.

அடியும் போடும் பெரும்பாலான இடத்தில் ஒன்றுக்கொன்று மாற்று என்று சில பாடநூல்களில் எழுதிவிடுகிறார்கள். கூடாது. ஒரே பெயர் இரண்டு வினையோடும் வந்து, பொருள் வேறாவதைப் பாருங்கள்:

‘பிட் அடிச்சான்’: தேர்வில் துண்டுத் தாளைப் பார்த்து எழுதினான். ‘பிட்டைப் போட்டான்’: காரியம் சாதிக்க ஒரு கதையை நைசாக அவிழ்த்து விட்டான்.
‘கமென்ட் அடிச்சான்’: போகிறவர் வருகிறவரைக் கிண்டலடித்தான். ‘கமென்ட் போட்டான்’: இணையத்தில் கருத்து எழுதினான். இதை மாற்றி எழுதினால் மரியாதையான ஆள் தெருப் பொறுக்கி ஆகிவிடுவார்.
‘சீல் அடி’: தாளில் முத்திரை குத்து. ‘சீல் வை’: கடையைப் பூட்டி முத்திரையிடு.
‘ரவுண்டு அடி’: ஒரு சுற்று சுற்றிவிட்டு வா, இடம் மாறினால் இன்னொரு கிளாஸ் குடி. ‘ரவுண்டு கட்டு’: சூழ்ந்துகொள், அடுத்து உதை.
‘கண் அடி’: இமைத்துச் சைகை. ‘கண் வை’: ஆசைப்படு, அல்லது திருஷ்டி. ‘கண் காட்டு’: பார்வையால் ஏவு.

போடுவது ஓரிடத்தில் வைப்பது, படியவிடுவது. அடிப்பதில் வேகம் அல்லது பீய்ச்சல் அல்லது திரும்பத் திரும்ப ஒரு வீச்சு இருக்கும். பவுடர் போடுகிறார்கள், சென்ட் அடிக்கிறார்கள். பாலிஷ் போடுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறார்கள், டைப் அடிக்கிறார்கள். இந்தக் கோடு எல்லா இடத்திலும் நேராக ஓடாது. ஆனாலும் புதிதாகப் படிப்பவர் ஊகிக்க இதைவிட நல்ல கயிறு இல்லை.

---

சொல்மூட்டை

மிகவும் உதவியாக இருக்கிறது. ஒரு ஐயம். ‘தண்ணி அடி’யைச் சட்டகத்தால் எப்படிப் பிரிப்பது? அடிகுழாயில் தண்ணீர் எடுப்பது, மது குடிப்பது, குழாய் வைத்துச் செடிக்குப் பீய்ச்சுவது மூன்றிலும் உருவம் ஒன்றுதானே?

---

ஐயுருபு

பேச்சுவழக்குப் பொருளில் பெயர் மொட்டையாக நிற்கும், ‘ஐ’ ஏற்காது. ‘தண்ணி அடிச்சான்’ குடித்தான். ‘தண்ணியை அடிச்சு ரொப்பினான்’ குழாய். ‘தம் அடிச்சான்’ சரி, ‘தம்மை அடிச்சான்’ இல்லை. ‘கட் அடிச்சான்’ சரி, ‘கட்டை அடிச்சான்’ என்றால் மரக்கட்டை.

‘சைட்’, ‘காப்பி’ போன்றவற்றில் பெயரும் வினையும் சேர்ந்து ஒரே வினையாகிவிடுவதால் ‘ஐ’ வெளியே வேறொன்றுக்குப் போகும்: ‘கணக்கைக் காப்பி அடிச்சான்’. ‘காப்பியை அடிச்சான்’ என்றால் காப்பி டம்ளரைத் திருடினான் என்றுதான் கொள்ள வேண்டும்.

---

குசும்பன்

ஐயுருபு அண்ணே, ‘தண்ணியைப் போட்டுட்டு வந்து கலாட்டா பண்றான்’னு ஊரே சொல்லுது. ‘ஒரு தம்மைப் போட்டுட்டு வர்றேன்’னும் சொல்றாங்க. உங்க ‘ஐ’ எங்கே போச்சு?

---

ஐயுருபு

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். விதியை இறுக்கிச் சொல்லிவிட்டேன். ‘போடு’வோடு ‘ஐ’ தாராளமாக வருகிறது, ‘அடி’யோடு வருவதில்லை. ‘தண்ணியைப் போட்டான்’ குடித்தான்தான், ஆனால் ‘தண்ணியை அடிச்சான்’ என்று குடிக்கு யாரும் சொல்வதில்லை. எனவே சோதனை ‘அடி’க்கு மட்டும் செல்லும் என்று திருத்திக்கொள்கிறேன்.

அளவு சொன்னாலும் சோதனை தேவையில்லை. ‘ரெண்டு ரவுண்டு அடிச்சான்’, ‘நாலு குடம் அடிச்சான்’. எண்ணுப்பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

---

வசனவரி

குறிப்பிட்டுச் சொல்லும்போது ‘ஐ’ வரும் என்பதையும் சேருங்கள். ‘அந்த பாட்டிலை அடிச்சுட்டான்’ என்பதை இரண்டு விதமாகக் கேட்கலாம்: குடித்துத் தீர்த்தான், தூக்கிக்கொண்டு போனான். ‘அந்த’ வந்தாலே ஐயுருபுவின் சோதனை தளர்ந்துவிடும்.

காப்பி பற்றி இன்னொரு சின்ன விஷயம். ‘ஒரு டீ அடிப்போமா?’ என்பது சர்வ சாதாரணம். காப்பிக்கு அப்படிச் சொல்வது அரிது, ‘காப்பி அடி’ என்ற இடத்தை நகலெடுப்பது ஏற்கனவே பிடித்துக்கொண்டது. அதன் உச்சம் ‘ஈயடிச்சான் காப்பி’. மூலத்தில் செத்த ஈ ஒட்டியிருந்ததைப் பார்த்து, நகலிலும் ஒரு ஈயை அடித்து ஒட்டினானாம் எழுத்தன். அதில் வரும் அடி மட்டும் அசல் அடி.

---

துணைவினை

தமிழ் மட்டும் இப்படி இல்லை என்பதையும் முன்னுரையில் இரண்டு வரி எழுதலாம். தெலுங்கில் ‘கொட்டு’, கன்னடத்தில் ‘ஹொடெ’, மலையாளத்தில் ‘அடி’, இந்தியில் ‘மார்னா’ எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. தெலுங்கில் மந்து கொட்டு, போர் கொட்டு, காப்பி கொட்டு, கன்னு கொட்டு. மலையாளத்தில் குடிப்பழக்கம் ‘வெள்ளமடி’. இந்தியில் கண்ணடிப்பது ‘ஆங்க் மார்னா’, புகை இழுப்பது ‘தம் மார்னா’. அக்கம்பக்கத்து மொழி பேசுபவர் தமிழ் படித்தால் இந்தப் பகுதியைச் சீக்கிரமே தாண்டிவிடுவார், பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை.

‘அடிபடு’வை மறக்காதீர்கள். உருவம் செயப்பாட்டுவினை போல இருக்கும். ‘வண்டியில அடிபட்டான்’ காயம். ‘அந்தப் பதவிக்கு அவர் பேர் அடிபடுது’ என்றால் பேச்சில் வந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் நல்லதுக்கு. ‘ஊழல்ல பேர் அடிபடுது’ கெட்டதுக்கு. ‘பேர் கெடுது’ என்று நேரடியாக மொழிபெயர்த்துவிட்டால் முதல் வாக்கியம் தலைகீழாகிவிடும். ‘அடி வாங்கு’ வேறு: ‘படம் அடி வாங்கிருச்சு’, ‘வியாபாரம் அடி வாங்குது’. அது நஷ்டம்.

---

கதிரடி

பாதக் குடும்பத்தைத் தனியே எடுத்தாலும் எல்லையில் நிற்கும் இரண்டு சொற்களைக் குறுக்குக் குறிப்பாகப் போடுங்கள். ‘அடியாள்’ பக்தி இலக்கியத்தில் தொண்டு செய்யும் பெண், ‘அடியான்’ என்பதன் பெண்பால். இன்று அது அடி+ஆள், காசுக்கு உதைப்பவன். எழுத்து மாறவில்லை, குடும்பம் மாறிவிட்டது. ‘அடிப்பொடி’ தொண்டரடிப்பொடி ஆழ்வார் பெயரில் எவ்வளவு பணிவான சொல். இப்போது அரசியல் பேச்சில் தலைவர் பின்னால் சுற்றும் எடுபிடி. இது குடும்பம் மாறவில்லை, மரியாதைதான் போய்விட்டது.

---

சொல்மூட்டை

எல்லோர் சொல்லையும் வைத்து மாதிரிக்கு இரண்டு பதிவு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

தம் அடி (தலைச்சொல்: தம்). புகை பிடி. ‘அடி’யோடு வரும்போது ‘தம்’ உருபு ஏற்காது. எண் ஏற்கும்: ஒரு தம், ரெண்டு தம். மாற்று: தம் போடு, தம்மைப் போடு. நட்பு வட்டத்தில் மட்டும். பெரியவர் முன் ‘சிகரெட் பிடி’.

வெயில் அடி (தலைச்சொல்: அடி). காய். எழுவாய் எப்போதும் அஃறிணை. ஆள் சொல்லப்படுவதில்லை. இதே சட்டகம்: காற்று, அனல், குளிர், சாரல், நாற்றம்.

பெயருக்குத் தனியாக வாழ்வு இருந்தால் (வெயில், மருந்து, மணி) ‘அடி’யின் கீழ். ‘அடி’யை எடுத்தால் பெயர் படுத்துவிடும் என்றால் (பல்டி, லூட்டி, சைட், தம்) பெயரின் கீழ். இப்படி வைக்கலாமா?

---

துணைவினை

பிரிப்பு சரி. ‘தம்’மைப் படுத்துவிடும் பட்டியலில் வைத்தது தவறு. ‘தம் இருக்கா?’ என்று கேட்டு வாங்குகிறார்கள், ‘தம்மை அணை’ என்கிறார்கள். அதற்கு ‘அடி’ இல்லாமலே வாழ்வு உண்டு. ‘சைட்’டுக்குக் கிடையாது. தம்மை ‘அடி’யின் கீழ் நகர்த்துங்கள்.

---

பனங்காய்

‘வெயில் அடி’யில ‘ஆள் சொல்லப்படுவதில்லை’ எண்டதையும் பாருங்கோ. ‘முகத்தில வெயில் அடிக்குது, திரைச்சீலையை இழுத்து விடு’ எண்டு சொல்லுறம்தானே? ஆள் நான்காம் வேற்றுமையில வராது, உடம்பின்ர இடம் ஏழாம் வேற்றுமையில வரும். காய்ச்சலுக்குத்தான் ‘எனக்கு’. ரெண்டையும் ஒரே சட்டகம் எண்டு போட்டால் ‘எனக்கு வெயில் அடிக்குது’ எண்டு யாராவது எழுதிப்போடுவினம்.

---

சொல்மூட்டை

இரண்டையும் திருத்திவிட்டேன். வெயில், காற்று, சாரல் ‘இடத்தில்’ என்றும், காய்ச்சல், போர், லாட்டரி ‘ஆளுக்கு’ என்றும் பிரிகிறது. ஷாக்கை ‘ஆளுக்கு’ப் பக்கம் வைத்திருக்கிறேன். நாற்றம் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறது.

---

குசும்பன்

நாத்தம் ‘எங்கிருந்து’ன்னுதான் கேக்கும். ‘சாக்கடையில இருந்து நாத்தம் அடிக்குது.’ ‘ஆள்’ பக்கம் வந்தா, ‘அவன் மேல சரக்கு வாடை அடிக்குது.’ தனிப் பெட்டி போடுங்க.